ஒளியும் காலமும்: ஓர் ஆராய்ச்சி

சிவபெருமானைச் சோதியென்று வழுத்துதலும், காலங்கடந்த பொருளென்று போற்றுதலும் சைவர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்காம். இவ்விரு வழக்கினையும் ஒருங்கு சேர்த்து, அவற்றிற்குப் பௌதிக நூலினின்று சான்று காட்டுவாரது கூற்றொன்று இந்நாளில் மேடைகளிலும் சிறு நூல்களிலும் பெரிதும் வழங்கி வருகின்றது. மார்கழித் திருவாதிரை நாளொன்றில் புதுவை நகரில் அன்பர் சிலர் கூடியிருந்த கூட்டத்தில் அதனையே யாமுங் கேட்டோம். கேட்டார் பலரும் உள்ளங் குளிர்ந்தனர். நம் சமயத்தின் துணிபினை மேனாட்டறிஞரும் ஒப்புக்கொண்டனரென்று கைகொட்டி மகிழ்ந்தாரும் உளர்.

அம் மகிழ்ச்சி ஓய்ந்தபின், பின்வரிசையில் இருந்த மாணவனொருவன் எழுந்து, "ஐயா, ஒளி விளக்கிற் பிறந்து சுவரில் அழிகின்றதே, அழிவது சிவமாகுமோ?" என்று வினவினான். வினாவிற் குறும்பு சிறிதுமில்லை. விடை கூறுவாரைக் காணாமையால் அவன் சிறிது நேரம் நின்று, பின்னர் அமர்ந்துவிட்டான். அவ்வினாவிற்கு விடைகூறும் கடப்பாடு நமக்குண்டு என்று கருதியே இக்கட்டுரை வரையலாயிற்று.

மேடையில் நிகழ்ந்த கூற்று வருமாறு: "விரைந்து செல்லும் பொருளிடத்துக் காலம் மெல்ல நடக்கும் என்று ஐன்ஸ்டைன் என்னும் பேரறிஞர் 1905-ஆம் ஆண்டில் நிறுவினார். விரைவு மிகுந்தோறும் காலத்தின் நடை தளரும். ஒளியின் விரைவினை எய்தியவிடத்துக் காலம் அறவே நின்றுவிடும். ஆகவே ஒளிக்குக் காலமில்லை. காலமில்லாதது நித்தியம். நித்தியமாகிய அவ்வொளியே சிவம்." இக்கூற்றின் முற்பகுதி மெய், இடைப்பகுதி திருத்தத்திற்குரியது, இறுதிப்பகுதி பௌதிக நூலுக்கும் பொருந்தாது, சித்தாந்த நூலுக்கும் பொருந்தாது. இதனை முறையே காட்டுவாம்.

முதற்கண், ஒளிக்கும் காலத்திற்கும் உள்ள தொடர்பினை அறிஞர் கண்டறிந்த வரலாற்றினைச் சிறிது நோக்குதல் வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அக்கூட்டம் நிகழ்ந்த புதுவை நகரே அவ்வரலாற்றில் இடம் பெற்றதொன்றாம்.

ஒளி எங்கும் ஒருகணத்திற் பரவும் என்றே முன்னோருட் பலர் கருதினர். பிரான்சுவா மார்த்தேன் என்பார் 1674-ஆம் ஆண்டில் புதுவையிற் பிரெஞ்சுக்காரரை நிலைபெறச் செய்தார். அதற்கு ஈராண்டுகளின் பின்னர், 1676-ஆம் ஆண்டில், பாரிசு நகர வானிலை ஆய்வுக்கூடத்தில் இருந்த ரோமர் என்னும் தேனியர் வியாழனைச் சுற்றும் திங்களொன்றின் கிரகணங்களை ஆராய்ந்தார். பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லுங் காலத்து அக்கிரகணங்கள் கணித்த நேரத்திற்குப் பிந்தியும், அணுகி வருங்காலத்து முந்தியும் காணப்பட்டன. கிரகணம் பிழைக்கவில்லை, அதன் செய்தியைக் கொணரும் ஒளியே வழிநடைக்குக் காலம் கொள்கின்றது என்று அவர் துணிந்தார். பூமி ஞாயிற்றைச் சுற்றும் வட்டத்தின் குறுக்களவை ஒளி கடப்பதற்கு 22 நிமிடம் ஆகும் என்பது அவர் மதிப்பு. இந்நாளைக் கணக்கின்படி அது 17 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவே. எண் பிழைத்ததாயினும் உண்மை பிழைக்கவில்லை.

ஒளி கொள்ளும் காலம் ஒருவாறு தெரிந்தது. அதன் விரைவினை அறிதற்கோ ஞாயிற்றின் தொலைவு செவ்வையாகத் தெரிதல் வேண்டும். வெள்ளி என்னும் கோள் ஞாயிற்றின் வட்டத்தைக் குறுக்கே கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சியைப் பூமியின் பலவிடங்களினின்றும் ஒருங்கே நோக்கினால் அத்தொலைவு புலப்படும் என்று ஆலி என்னும் ஆங்கில அறிஞர் வழி கூறியிருந்தார். அந்நிகழ்ச்சி 1761-ஆம் ஆண்டிலும் 1769-ஆம் ஆண்டிலும் வாய்த்தது. அதனைப் புதுவையினின்று நோக்குமாறு பாரிசுக் கழகத்தாரால் விடுக்கப்பட்டவரே கியோம் லெ ழாந்தி என்பவர்.

அவர் 1760-ஆம் ஆண்டிற் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன் 1761 சனவரியிற் புதுவை ஆங்கிலேயர் கைப்பட்டது. அச்செய்தியை வழியிற் கேட்டுக் கப்பல் திரும்பியமையால், சூன் 6-ஆம் நாள் அவர் நடுக்கடலில் இருந்தார். வெள்ளியைக் கண்டார், ஆயினும் ஆடும் கப்பலில் நின்று அளத்தல் கூடவில்லை. எட்டாண்டு காத்திருப்பதெனத் துணிந்து கீழ்க்கடல்களில் வைகி, 1768-ஆம் ஆண்டிற் புதுவைக்கு வந்தார். அப்பொழுது நகரம் பிரெஞ்சுக்காரர்பால் மீண்டிருந்தது. 1748-ஆம் ஆண்டில் வேதபுரீசர் திருக்கோயிலை இடிப்பித்தவர்களது கோட்டை தானும் பதின்மூன்றாண்டுகளில் இடியுண்டு கிடந்தது. அவ்விடிபாட்டின்மீதே லெ ழாந்தி தமது நோக்குக்கூடத்தை அமைத்துக்கொண்டார். நிகழ்ச்சிக்கு முந்திய நாட்களிற் காலை வானம் தெளிந்திருந்தது. 1769 சூன் 4-ஆம் நாள் விடியலிலோ கடற்புறத்து முகில் திரண்டு ஞாயிற்றை மறைத்தது. வெள்ளி கடந்து முடிந்தபின் வானம் வெளுத்தது. பதினோராண்டு கழித்து 1771-ஆம் ஆண்டில் தாய்நாடு மீண்ட அவர், தாம் இறந்தாரெனக் கருதி உறவினர் தம் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தமையைக் கண்டார்.

பிறவிடங்களில் நோக்கினார் தந்த அளவுகளைக் கொண்டு லலாந்து என்னும் அறிஞர் ஞாயிற்றின் தொலைவு 15 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர் என 1771-ஆம் ஆண்டிற் கணித்தார். இந்நாளைய அளவு 14 கோடியே 96 இலட்சம். ஒளி நொடிக்கு 2,99,792 கிலோமீட்டருக்குச் சிறிது மிகுதியாகச் செல்லும். ஆகவே ஞாயிற்றின் ஒளி நம்மை எய்த 8 நிமிடம் 19 நொடி ஆகும். நம் கணக்கிற் கூறின் ஏறத்தாழ 21 விநாழிகை. புதுவைக் கடற்கரையில் நின்று கதிரவனைக் கைகூப்புவோர் 21 விநாழிகைக்கு முன்னை ஞாயிற்றையே காண்கின்றனர். லெ ழாந்தி பதினோராண்டு உழன்றது இவ்வொளியின் நடையை அளக்கத் துணைசெய்வதோர் எண்ணின் பொருட்டு என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. அளக்கப்படுவது எதுவோ அது காலத்தின் எல்லைக்கு உட்பட்டதே.

புதுவையில் அவர் கண்ட மற்றொன்றும் நம்மனோர் அறியற்பாலது. வானநூற்கணிதம் வல்ல தமிழரொருவர், 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டும் சோழிகளைப் பரப்பியும் ஒருமணி நேரத்திற்குள் அவருக்குக் கணித்துக் காட்டினார். கிரகணம் நிலைத்த அளவு அக்கணிதத்தில் 41 நொடியே குறைந்தது. ஐரோப்பாவில் மிகச் சிறந்ததெனக் கொள்ளப்பட்ட மாயரது வாய்பாட்டிலோ 68 நொடி மிகுந்தது. இதனை நம்மவர் அடிக்கடி எடுத்துக் கூறுவர்; கூறுதல் தகும். ஆயினும் இதனோடு சேர்த்துக் கூறற்பாலதொன்று உண்டு. சென்னை வானிலை ஆய்வுக்கூடத்திற்குத் தலைவராயிருந்து, பின்னர்ப் புதுவையில் வாழ்ந்த வாரன் என்பவர் 1825-ஆம் ஆண்டிற் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்டார். புதுவைப் பஞ்சாங்கக் கணிதரொருவர் சோழிகொண்டு அவ்வாண்டின் கிரகணமொன்றைக் கணித்த முறையை அவர் குறித்துள்ளார். அக்கணிதத்தில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. 41 நொடியைக் கூறி 52 நிமிடத்தை மறைப்பது உண்மையாகாது. அக்கணிதர் மரபின் பெருமை பிழையின்மையன்று. ஒளியும் நிழலும் வானில் எழுதும் கணக்கோடு தம் கணக்கை ஒப்பிட்டு நோக்கும் பணிவே அதன் பெருமை. அப்பணிவு சமய ஆராய்ச்சிக்கும் வேண்டப்படும்.

இனி, ஐன்ஸ்டைன் கூற்றிற்கு வருவாம். ஒளியின் விரைவு அளப்பார் யாவர்க்கும் ஒன்றே. அளப்பவர் நிற்பினும் விரைந்து செல்லினும் வேறுபடாது என்பது அவர் கொள்கையின் அடிப்படை. இதனை ஏற்றுக்கொண்டவழி, காலம் யாவர்க்கும் ஒருபடித்தாக நடக்கும் என்னும் பழங்கொள்கை நில்லாதாயிற்று. இது வெறுங் கணக்கன்று. விண்ணினின்று வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்புறத்தைத் தாக்குதலால் மியூவான் என்னும் நுண்பொருள்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்திற் பிறக்கின்றன. நிலையாக நிற்குமிடத்து அவற்றின் சராசரி வாழ்நாள் ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறிட்டதில் 2.2 கூறே. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். எனினும் அவை பெருந்தொகையாக நிலத்தை வந்தடைகின்றன. நம் உள்ளங்கையினூடும் நிமிடந்தோறும் பல கடந்து செல்கின்றன. விரைவினால் அவற்றின் காலம் நம் கணக்கிற்கு மெல்ல நடத்தலே காரணம். ரோசியும் ஆலும் 1941-ஆம் ஆண்டில் இதனை அளந்து காட்டினர். 1971-ஆம் ஆண்டில் அணுக்கடிகாரங்களை வானூர்தியில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து ஒப்பிட்டனர். கிழக்கே சென்றவை நொடியின் நூறுகோடிக் கூற்றில் 59 இழந்தன. மேற்கே சென்றவை 273 மிகுந்தன.

காலத்தின் நடையை மாற்றுவது விரைவு மட்டுமன்று. ஈர்ப்பும் மாற்றும் என்று ஐன்ஸ்டைன் பின்னர்க் கூறினார். ஈர்ப்பு மிக்கவிடத்துக் காலம் மெல்ல நடக்கும். ஞாயிற்றின் பரப்பில் ஒரு கடிகாரத்தை வைக்கக் கூடுமாயின், அது பூமியிலுள்ள கடிகாரத்திற்கு ஓராண்டிற் சற்றேறக்குறைய ஒரு நிமிடம் பிந்தும். அவ்விடத்துக் கடிகாரம் வைப்பார் யார் எனின், வைக்க வேண்டுவதில்லை. அங்குள்ள அணுக்கள் விடுக்கும் ஒளியின் அலைவே கடிகாரமாம். அவ்வலைவு தளர்ந்தால் நிறமாலையிலுள்ள கோடுகள் செம்புறமாக, பத்து இலட்சத்தில் இரண்டு கூறளவு, விலகித் தோன்றும். நம் தமிழ்நாட்டுக் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் 1911 முதல் 1923 வரை இயக்குநராயிருந்த எவர்ஷெட் என்பார் இக்கோடுகளைப் பெரிதும் முயன்று அளந்தார். ஞாயிற்றின் மேலெழுந்தும் கீழிழிந்தும் ஓடும் வளியோட்டங்களும் கோடுகளை விலக்குமாகலின், இரண்டினையும் பிரித்தறிதல் அரிதாயிற்று. பின்னர் 1960-ஆம் ஆண்டில் பௌண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தினுள்ளேயே இவ்வேறுபாட்டை அளந்து உறுதி செய்தனர். இன்று கைப்பேசியில் வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் விரைவாலும் உயரத்தாலும் நாளொன்றுக்கு நொடியின் பத்து இலட்சக் கூற்றில் 38 முந்துகின்றன. அதனைத் திருத்தாவிடின் இடக்கணக்கு ஒருநாளிற் பத்துக் கிலோமீட்டருக்கு மேற் பிழைக்கும்.

ஆகவே, காலத்தின் நடை இடத்தாலும் விரைவாலும் வேறுபடும் என்ற அளவிற் மேடைக்கூற்று மெய்யே. இனி, 'ஒளிக்குக் காலமில்லை' என்னும் இடைப்பகுதியை ஆராய்வாம்.

ஒளி செல்லும் வழியைப் பற்றிக் கடிகாரக் கணக்கினை எழுதினால் விடை பூச்சியம் என வருதல் உண்மையே. ஆயினும் அப்பூச்சியம் எவருடைய கடிகாரத்தில் உள்ளது? ஒளியோடு உடன்செல்வான் ஒருவன் உளனாயின், அவனுக்கு ஒளி நின்றதாகத் தோன்றுதல் வேண்டும். அளப்பார் யாவர்க்கும் ஒளியின் விரைவு ஒன்றே என்பது அக்கொள்கையின் வேர். வேரை வெட்டிக்கொண்டு கிளையிற் கனி பறித்தல் கூடாது. நிறையுடைய எப்பொருளும் ஒளியின் விரைவை எய்தமாட்டாது. ஆகவே ஒளியோடு செல்லும் கடிகாரமும் இல்லை, ஒளியினிடத்து நின்று நோக்கும் நோக்கும் இல்லை. 'ஒளியின் நோக்கிற் காலம் நின்றுவிடுகின்றது' என்பது முயற்கொம்பின் நீளம் இத்துணை என்று கூறுவதனோடு ஒக்கும்.

அற்றேல், பூச்சியம் என்னும் கணக்கு உண்டன்றோ, அதுவே நித்தியத்தைக் காட்டாதோ எனின், காட்டாது. தொடக்கமும் இறுதியும் இன்மையே நித்தியம். ஒளிக்கோ இரண்டும் உண்டு. விளக்கிற் பிறக்கின்றது, சுவரிலேனும் கண்ணிலேனும் சென்று முடிகின்றது. பிறப்பிற்கும் முடிவிற்கும் இடையே உடன்சென்று எண்ணுவார் இல்லை என்பதனாற் பிறப்பும் முடிவும் இல்லையாகிவிடா. உறங்குவான் நாழிகை எண்ணிலன் என்பதனால் இரவு கழியாது நின்றதாகுமோ? எண்ணப்படாமை வேறு, கடந்து நிற்றல் வேறு. மாணவன் வினாவிய வினா பௌதிக நூன்முறைப்படியே சரியானது என்க.

அதுவேயன்றி, ஐன்ஸ்டைன் கொள்கையில் ஒளி ஆற்றும் தொழிலை நோக்கினால் மேடைக்கூற்றிற்கு நேர்மாறான முடிபே பெறப்படும். இரு நிகழ்ச்சிகளுள் ஒன்றினின்று மற்றொன்றிற்கு ஒளி சென்றெய்தக் கூடுமாயின், எது முன் எது பின் என்பதில் அளப்பார் எவரும் மாறுபடார். சென்றெய்தக் கூடாதாயின், ஒருவர்க்கு முன்னாவது மற்றொருவர்க்குப் பின்னாகலாம். ஆயினும் அவற்றுள் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாதல் இல்லை. ஆகவே காரணம் முன், காரியம் பின் என்னும் முறைமைக்கு ஒளியே எல்லைக்கல்லாய் நிற்கின்றது. இன்று நொடி என்பதே சீசிய அணுவின் கதிர் 919,26,31,770 முறை அலையும் அளவென 1967-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. மீட்டர் என்பதும் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு கூற்றிற் செல்லும் தொலைவென 1983-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. லெ ழாந்தியின் காலத்தில் தொலைவைக் கொண்டு ஒளியை அளக்க முயன்றனர். இன்றோ ஒளியைக் கொண்டு தொலைவை அளக்கின்றனர். ஒளி காலத்திற்குப் புறம்பானதன்று; காலத்தின் அளவுகோலும் வேலியும் அதுவே.

இனி, இறுதிப்பகுதியைச் சித்தாந்த முறைப்படி ஆராய்வாம். காலம் என்பது அசுத்த மாயையினின்று தோன்றும் வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று, சடம், தோன்றி ஒடுங்குவது. இறந்தகாலம் எல்லையையும், நிகழ்காலம் பயனையும், எதிர்காலம் புதுமையையும் உயிர்க்குத் தருவனவாம். கண்ணாற் காணும் ஒளியோ, உருவத்தைத் தனக்குரிய குணமாகவுடைய தேயுவின்பாற் பட்டது. தேயு ஆன்மதத்துவம் இருபத்துநான்கனுள், பூதங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. தத்துவங்கள் தோன்றும் முறையிற் காலம் முன்னையது. தேயு மிகப் பின்னையது. ஒடுங்குங்கால் தேயு முன்னர் ஒடுங்கும். காலம் பின்னர் ஒடுங்கும். இங்ஙனமாகவும், பூத ஒளியைக் காலங்கடந்ததென்று கூறுதல் பேரனைப் பாட்டனுக்கு மூத்தோன் என்பதனை ஒக்கும். அதனையே சிவம் என்றல் அதனினும் பெரும்பிழை. சைவத்திற்கு ஏற்றம் தேட முற்பட்டார், முப்பத்தாறு தத்துவங்களையும் கடந்த முதலைப் பூதமொன்றின் நிலைக்கு இறக்கிவிட்டனர் என்பதை உய்த்துணர்க.

நம் ஆசிரியர்கள் ஞாயிற்றையும் விளக்கையும் பலகாலும் எடுத்துக் கூறினரன்றோ எனின், கூறினர், உவமையாகக் கூறினர். கண் காண வல்லதாயினும் கதிரொளி கூடாவிடத்துக் காணாது. அதுபோல உயிர் அறிய வல்லதாயினும் அருளொளி கூடாவிடத்து அறியாது. கதிரவன்முன் தாமரை ஒன்று மலர, மற்றொன்று வாடினும் அவன் விகாரமடையான். இவ்வுவமைகளில் ஞாயிறு அறிவில் பொருள் என்பதை அவர் அறியாதவரல்லர். அறிவில் பொருளைக் கொண்டு பேரறிவுப் பொருளை விளக்குதலால் அன்றோ அஃது உவமையாயிற்று! உவமையைப் பொருளாக்கின் உவமையும் கெடும், பொருளும் கெடும். சிவத்தைச் சோதியென்பது அறிவிக்கும் இயல்புபற்றி. அஃது அலைவுடையதும் அன்று, அளக்கப்படுவதும் அன்று, ஓரிடத்திற் புறப்பட்டு மற்றோரிடத்தை எய்துவதும் அன்று. எங்கும் நிறைந்ததற்கு வழிநடை ஏது? காலகாலன் என்னும் திருப்பெயரின் கருத்தும் இதுவே. திருக்கடவூர்த் தலவரலாறு கூறுவது, கடிகாரம் நின்றுபோன ஒருவனையன்று. காலனையும் ஏவல்கொள்ளும் தலைவனை.

அங்ஙனமாயின், பௌதிக நூலினின்று சைவர் கொள்ளத்தக்கது யாதுமில்லையோ எனின், ஒன்றுண்டு. காலம் ஒன்றே, எங்கும் நிறைந்தது, நித்தியம் என்பது தார்க்கிகர் கொள்கை. நியூட்டன் என்பாரும் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில், புறப்பொருள் எதனையும் சாராது தானே ஒருபடித்தாக ஓடும் காலமொன்றைக் கொண்டார். காலம் நித்தியமன்று, காரியப்பொருள் என்பது நம் கொள்கை. 1905-ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பௌதிக நூலாரும் தானே நிற்கும் ஒரு காலத்தை வேண்டுவதில்லை. மறுக்கும் பகுதியில் இவ்வொற்றுமை உண்டு. ஆயினும் நாட்டும் பகுதியில் ஒற்றுமை இல்லை. அவர் காலம் என்பது கடிகாரத்தால் அளக்கப்படுவது. நாம் காலம் என்பது வினைப்பயனை உயிர்க்கு வரையறுத்து ஊட்டும் கருவி. வினையும் உயிரும் அவருடைய ஆராய்ச்சிக்கு உரியனவல்ல. கோடுகளின் விலகல் நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஈர் ஆற்றின் கரைகள் ஓரிடத்து அணுகின என்பதால் ஆறு ஒன்றாய்விடாது.

லெ ழாந்தி புதுவையில் முகிலைப் பார்த்து நின்ற அந்நாட்களிலேயே, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவரும் இத்தமிழ்நாட்டில் வாழ்ந்திருந்தார். அவர் 1785-ஆம் ஆண்டிற் காஞ்சியிற் சிவபரிபூரணம் எய்தினார். ஒருவர் வானத்தின் தொலைவை அளக்க முயன்றார். மற்றொருவர் தத்துவங்களின் உண்மையைப் பேருரையால் நிறுவினார். ஒருவர்க்கொருவர் சான்று வேண்டிலர். இருவரும் தத்தம் துறையிற் சோர்விலராய் உழைத்தனர்.

அயற்சான்றினை நாடுதலால் விளையும் தீங்கினையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். பௌதிக நூல் நாடோறும் திருந்துவது. திருந்துதலே அதன் உயிர். பேருலகின் ஈர்ப்பினைக் கூறும் ஐன்ஸ்டைன் கொள்கையையும், அணுவுலகின் நடையைக் கூறும் கொள்கையையும் ஒன்றுபடுத்தும் முயற்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. அம்முயற்சி முடியுங்கால் காலத்தைப் பற்றிய கருத்து மீண்டும் மாறக்கூடும். அப்பொழுது அதனைத் தூணாகக் கொண்டு எழுப்பிய பத்தி என்னாகும்? இன்று கைகொட்டிய இளைஞன், நாளைக் கல்லூரி ஆசிரியர் பிழையைக் காட்டியவழி, பிழைபட்ட சான்றோடு சிவத்தையும் ஒருங்கே கைவிடுவான். குற்றம் அவனதன்று, மணலின்மேற் கோயில் கட்டிக் காட்டியவரதே. கூட்டத்தில் எழுந்து நின்ற அம் மாணவனை யாம் எண்ணுந்தோறும் இவ்வச்சமே மேலிடுகின்றது.

அன்று அவனுக்கு யாம் கூறியிருக்க வேண்டிய விடை இது: "அன்ப, நீ கேட்டது நன்று. விளக்கின் ஒளி பிறந்து அழிவதே, அது சிவமன்று. இன்று நாம் விழாக் கொண்டாடும் திருவாதிரை மீனை மாலையிற் சென்று நோக்கு. அதன் ஒளி நம்மை எய்த ஐந்நூறு முதல் எழுநூறு ஆண்டுகள் வரை ஆகுமென்று கணிக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் புதுவைக்கு வருமுன்னரே புறப்பட்ட ஒளி இன்று உன் கண்ணிற் புகுந்து முடிகின்றது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அம் மீன் மங்கித் தோன்றிப் பின்னர்த் தெளிந்ததே, அம்மங்கலும் பன்னூறாண்டின் முன் நிகழ்ந்ததே. அவ்வொளி பழையது, எனினும் நித்தியமன்று. அதனைக் காண்கின்ற கண்ணும் அழிவதே. காணப்படுவது அழிவது என்று அறிந்து வினவினாயே, அவ்வறிவு உனக்கு எதனால் விளங்கிற்று? அதனை ஆராய். சித்தாந்த நூல்கள் சோதி என்று கூறுவது அவ்வறிவினை விளக்கி நிற்கும் பொருளையே."

இவ்விடை அவனுக்கு முற்றும் அமைதி தருமென்று யாம் கூறமாட்டோம். ஆயினும் நாளை அவன் எந்நூலைப் பயின்றாலும் இது பொய்யாகமாட்டாது. சைவ அன்பர்கள் மேடையேறுமுன் தாம் கூறப்புகும் சான்றினைப் புதுவைக் கணிதர் கிரகணத்தைக் கணித்தாற்போல நொடியளவும் சரிபார்த்துக் கொள்வாராக. பௌதிக நூலைப் பௌதிக நூலாகவே கற்பாராக, அது கற்கத்தக்கதே. சிவஞானத்திற்குச் சிவஞான நூல்களே சான்றாவன.

திருச்சிற்றம்பலம்.